பச்சை மூடியும் மூன்று கிராம் உப்பும்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு எங்கள் வீட்டில் எல்லாம் தவறாகப் போகத் தொடங்கியது. நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். அந்த அழைப்பு என் கைபேசியில் இன்னும் இருக்கிறது. பேசிய நேரம் ஒரு நிமிடம் பதினெட்டு நொடி.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையம். அங்கே வேலை செய்யும் பெண்தான் பேசினாள்.

“சார், பவித்ராவோட லித்தியம் ரிசல்ட் வந்துருச்சு. ரெண்டு புள்ளி நாலு காட்டுது. ரிப்போர்ட் அடிக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலாம்னு...”

பவித்ரா என் மகள். இருபத்து நான்கு வயது. மனநிலை அளவுக்கு மீறி ஏறுவதும் பிறகு அடியோடு இறங்குவதுமான நோய்க்கு நான்கு வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறாள். அந்த மாத்திரைதான் அவளை மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குப் போய்வரச் செய்தது, சிரிக்கச் செய்தது. ஆனால் ரத்தத்தில் அது ஒன்றை ஒட்டியோ சற்றுக் குறைவாகவோதான் இருக்க வேண்டும். ஒன்றரையைத் தாண்டினால் நஞ்சு. அதற்காகத்தான் சில மாதங்களுக்கு ஒரு முறை பரிசோதனை. இரண்டு புள்ளி நாலு என்றால் போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நான் ஓடவில்லை. சிரித்தேன்.

“எந்த டியூப்ல எடுத்தீங்கம்மா?”

“ரெட் கேப்புன்னுதான் நெனைக்கிறேன் சார். நேத்து எடுத்தது வேற பொண்ணு...”

“நெனைக்கிறதுல லேப் நடக்காதும்மா. பச்ச மூடில எடுத்துருப்பாங்க. ரத்தம் உறையாம இருக்க அந்த டியூப்புக்குள்ள ஒரு மருந்து தடவியிருப்பான், அதுலயே லித்தியம் இருக்குது. அதையும் சேத்துத்தான் மிஷின் எண்ணியிருக்குது. என் சர்வீஸ்ல இந்தக் கூத்த எத்தினி பாத்துருக்கேன். ரிப்போர்ட்ட நிறுத்தி வையி. வியாழக்கிழமை நானே கூட்டியாந்து மறுபடி குடுக்கறேன்.”

“சரிங்க சார்” என்றாள்.

கூடத்தில் பவித்ரா காபி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அன்று கடைக்குப் போகவில்லை. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு வேறு.

“என்னாப்பா சொன்னாங்க?”

“டியூப்ப மாத்திட்டாங்க. ஒண்ணுமில்ல.”

“நீ சொன்னா சரி” என்றாள். டம்ளரை மேசையில் வைத்தபோது கொஞ்சம் காபி சிந்தியது. நான்தான் துடைத்தேன்.

என் பெயர் ஏழுமலை. விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் முப்பது வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன், ஐம்பத்து நான்கு வயதில், விருப்ப ஓய்வு பெற்றேன். மகளை நாள் முழுவதும் தனியே விட மனம் இல்லை என்பதுதான் காரணம். என் மனைவி மல்லிகா பெருமுக்கல் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. அவள் வேலையை விடக்கூடாது, நான் வீட்டைப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு.

என்னோடு வேலை பார்த்த சரண்யா இப்போது அந்த ஆய்வகத்தின் பொறுப்பில் இருக்கிறாள். சில வாரங்களுக்கு முன் அவள் கைபேசியில் ஒரு படம் அனுப்பினாள். ரத்தத்தில் உப்புகளை அளக்கும் பழைய கருவி, ஃப்ளேம் போட்டோமீட்டர், கயிறு கட்டி வராந்தாவில் கிடக்கிறது. “ஒதவாதுன்னு கண்டம் பண்ணிட்டாங்க சார். நம்ம லேப் இதழுக்கு அதப் பத்தி நீங்கதான் எழுதணும். ஜாலியா எழுதுங்க” என்று கீழே ஒரு வரி. எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. ஜாலியாக எழுத இப்போது என்னால் முடியாது. ஆனால் எழுதாமலும் இருக்க முடியவில்லை. ஆய்வகத்தில் இருப்பவர்கள் படிக்க வேண்டியது இதுதான் என்று தோன்றுகிறது.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் தனிம வரிசை அட்டவணையை முதல் இருபது தனிமம் வரை மனப்பாடம் செய்தேன். டிப்ளமோவில் அதே இருபதை மறுபடியும் மனப்பாடம் செய்தேன். அது எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது எதற்கு என்று தெரிந்தது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், கமாலுதீன் சாரிடம்.

கமாலுதீன் சார் எங்கள் தலைமை டெக்னீஷியன். கோட்டக்குப்பத்துக்காரர். அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லோரும் வளைகுடாவுக்குப் போய்விட, இவர் மட்டும் தினமும் பேருந்தில் விழுப்புரம் வந்து போனார். வந்ததும் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, சோப்பு போட்டு, முழங்கை வரை கழுவி, கடைசியாக வடிநீரில், அதாவது டிஸ்டில்ட் வாட்டரில், அலசுவார். “எங்க ஊரு கடக்காத்து சட்டையில ஒட்டிக்கினு வரும்ப்பா. உப்பு” என்பார். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. தவறு செய்தால் நம் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நாம் திரும்பச் செய்து முடிக்கும் வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அது அதட்டலைவிட மோசம்.

ஃப்ளேம் போட்டோமீட்டர் என்பது ஒரு பெட்டி. உள்ளே சமையல் எரிவாயுவில் எரியும் ஒரு சிறு சுடர். நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை நூறு மடங்கு வடிநீரில் கலந்து வைத்தால், ஒரு மெல்லிய குழாய் அதை உறிஞ்சித் தூசி போன்ற துளிகளாகச் சுடருக்குள் அனுப்பும். சோடியம் இருந்தால் சுடர் மஞ்சளாகும். பொட்டாசியம் வெளிறிய ஊதா. லித்தியம் நல்ல சிவப்பு. எவ்வளவு நிறம் என்பதைக் கருவி அளந்து எண்ணாகக் காட்டும்.

எனக்கு முதல் வேலை சுடரைப் பார்ப்பது. வடிநீர் மட்டும் போகும்போது அது நீலமாக, நுனிகள் அசையாமல் நிற்க வேண்டும். இரண்டு நாள் காலையும் மாலையும் நீலத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது நாள் சீரம் கலக்கவிட்டார். நான் சோதனைக்குழாயின் வாயைக் கட்டைவிரலால் மூடிக் குலுக்கினேன். கல்லூரியில் அப்படித்தான் செய்வோம். சார் நாற்காலியைப் போட்டார்.

“இது யாரு சோடியம்?”

“பேஷண்ட்டுது சார்.”

“உன் கட்டவெரல்ல இருக்கற வேர்வ யாருது?”

மதிய இடைவேளையில் மருத்துவமனை வாசலில் உப்புப் போட்டு வேகவைத்த வேர்க்கடலை விற்பார்கள், எங்கள் பக்கம் அதற்கு மல்லாட்டை என்று பெயர். அதைத் தின்றுவிட்டு ஆய்வகத்துக்குள் வரக்கூடாது என்பது சட்டம். ஒரு நாள் சார் அறையின் அந்தக் கோடியிலிருந்தே சுடரைப் பார்த்தார். நீலத்தின் ஓரத்தில் ஒரு மஞ்சள் துடிப்பு.

“மல்லாட்ட தின்னது யாரு?”

அவர் ஒவ்வொருவர் கையையும் கருவிக்குப் பக்கத்தில் நீட்டச் சொன்னார். நான் நீட்டினேன். சுடர் குப்பென்று மஞ்சளானது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். “போலீஸு நாய விட இது மேலு சார்” என்றார் வார்டு உதவியாளர். அன்று மாலைவரை பாத்திரங்கள் அனைத்தையும் மூன்று தடவை நான் கழுவினேன்.

அந்த அறைச் சுவரில் ஓர் அட்டவணை தொங்கியது. நான் மனப்பாடம் செய்த அதே தனிம வரிசை அட்டவணை. நான் கழுவி முடித்ததும் சார் என்னை அதன் முன்னால் நிற்க வைத்து, இடது ஓரத்துச் செங்குத்து வரிசையைக் காட்டினார். ஹைட்ரஜனுக்குக் கீழே லித்தியம், அதற்குக் கீழே சோடியம், அதற்குக் கீழே பொட்டாசியம்.

“இதுல எவ்ளோ நம்பர் போட்டுருக்கான்?”

“லித்தியம் மூணு. சோடியம் பதினொண்ணு. பொட்டாசியம் பத்தொன்பது.”

“அத்தன புரோட்டான் உள்ள இருக்குது, அத்தன எலக்ட்ரான் சுத்திக்கினு இருக்குது. டவுன் பஸ்ஸுன்னு வச்சிக்க. லித்தியத்துல மூணு பேரு. ரெண்டு பேரு சீட்ல உக்காந்துட்டான், ஒருத்தன் படியில தொங்கறான். சோடியத்துல பதினோரு பேரு. முன்னாடி சீட்ல ரெண்டு, பின்னாடி சீட்ல எட்டு, ஒருத்தன் படியில தொங்கறான். பொட்டாசியம்?”

“ரெண்டு, எட்டு, எட்டு... ஒருத்தன் படியில.”

“ஆங். உக்காந்துருக்கறவன் எறங்கமாட்டான். எது நடந்தாலும் படியில தொங்கறவனாலதான் நடக்கும். அவன் ஒருத்தனா, ரெண்டு பேரான்னு பாத்துத்தான் மேலருந்து கீழ ஒரே வரிசையில வச்சிருக்கான். படுக்க வரிச எத்தினி சீட்டு வரிசன்னு சொல்லும், அவ்ளோதான். சுடர்ல காட்டினா அந்தத் தொங்கறவன் சூடு தாங்காம கூர மேல ஏறிப் பூடுவான். எறங்கி வரும்போது வெளிச்சம் விடுவான். ஒவ்வொரு பஸ்ஸுக்கு ஒவ்வொரு கலரு.”

முப்பது வருடம் இந்தப் பேருந்துக் கதையை நான் பயிற்சிக்கு வந்த ஒவ்வொரு குழுவிடமும் சொல்லியிருக்கிறேன். சார் அன்று கடைசியாக ஒன்று சொன்னார். அதையும் சொல்லியிருக்கிறேன். “நம்ம மிஷினுக்குக் கலர் தெரியும். ஒடம்புக்குக் கலர் தெரியாது. படியில தொங்கறவன் எறங்கிட்டான்னா லித்தியமும் சோடியமும் ஒரே மாதிரி ஒத்த பிளஸ் சார்ஜு. கிட்னி சில நேரம் லித்தியத்த சோடியம்னு நெனச்சி ரத்தத்துக்குள்ளயே திரும்ப விட்டுரும்.” இதைச் சொல்லும்போது பயிற்சி மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். நான் தேர்வில் கேட்பேன்.

நான் சேர்ந்து சில வருடங்களில் வண்ண மூடி போட்ட குழாய்கள் வந்தன. மூடியின் நிறம் பார்த்து உள்ளே என்ன மருந்து என்று தெரிந்துகொள்ள வேண்டும். சிவப்பில் ஒன்றும் இல்லை. பச்சையில் ரத்தத்தை உறையவிடாத லித்தியம் உப்பு. எங்களுக்கே அது புதிது. வார்டில் இருப்பவர்களுக்கு எந்தக் குழாய் கைக்கு வந்ததோ அதுதான்.

அப்போது ஒரு நாள் மனநல வார்டிலிருந்து ஒரு சீரம் வந்தது. வார்டிலேயே ஊற்றி மாற்றிய சிறு குழாயில் வந்ததால் மூல மூடியை நான் பார்க்கவில்லை. லித்தியம் மூன்று புள்ளி ஒன்று. சுடர் ரத்தச் சிவப்பாக நின்றது. திரும்பப் போட்டேன், அதேதான். அளவு முன்பே தெரிந்த தரக் கரைசல்களை மறுபடி ஓட்டினேன், சரியாக இருந்தன. சிவப்பு மையில் எண்ணை எழுதி, அவசரம் என்று அடிக்கோடிட்டுக் கையெழுத்துக்கு நீட்டினேன். எனக்குள் ஒரு பெருமிதம்கூட இருந்தது என்று நினைக்கிறேன்.

சார் தாளை வாங்கவில்லை. “ஆளு எப்பிடி இருக்காரு?” என்றார். தெரியாது என்றேன்.

“சரி வா.”

லிஃப்ட் அன்று வேலை செய்யவில்லை. மூன்றாவது மாடி. சாருக்கு முழங்கால் வலி உண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறினார். நான் முன்னால் போய்ப் பார்த்து வருகிறேன் என்றேன். “நீ பாத்தா நீ பாத்ததா ஆவும்” என்றார்.

நோயாளி கெடாரைச் சேர்ந்த ஒரு விவசாயி. கட்டிலில் சம்மணம் போட்டு, வலது கையில் டீ, இடது கையில் பொறை பிஸ்கட். சார் அவரிடம் கையை நீட்டச் சொன்னார். விரல்கள் ஆடவில்லை. பெயர் கேட்டார், ஊர் கேட்டார், என்ன பயிர் என்று கேட்டார்.

“கேப்ப போட்டுருக்கேன் சார். மோட்டாரு காயில் பூட்டுச்சு. நீங்க ஈபி ஆபீஸா?”

“இல்லீங்க, ரத்தம் பாக்கற ஆபீஸு” என்றார் சார்.

பிறகு வார்டின் மூலையில் இருந்த கழிவு வாளியருகே உட்கார்ந்து, கையுறை போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் பார்த்தார். அவருடைய குழாய் கிடைத்தது. பச்சை மூடி. சார் தானே சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தார். கீழே வந்து ஓட்டினோம். புள்ளி ஏழு. அவருக்கு ஒரு குறையும் இல்லை. நான் எழுதிய தாள் போயிருந்தால் அவருடைய மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள். “நீ எழுதின நம்பர் சரி. ஆனா அது டியூப்போட நம்பர். அந்த மனுசனோடது இல்ல” என்றார் சார். “ஜல்தி ஜல்தின்னு தாள அனுப்பிக்கினு இருந்தா ஒரு நாளைக்குப் பெரிய பேஜாராப் பூடும்.”

இந்தக் கதையையும் இருபது வருடமாகச் சொல்லிவந்தேன். ‘பச்சை மூடிக் கதை’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. சொல்லச் சொல்ல அது சுருங்கிப் போனதை இப்போதுதான் உணர்கிறேன். முதலில் முழங்கால் வலி போயிற்று. பிறகு மூன்று மாடியும் கேப்பைப் பயிரும் போயின. கடைசியில் மிஞ்சியது ஒரே வரி: லித்தியம் தாறுமாறாக ஏறி வந்தால் பச்சை மூடி. அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு நினைவு வந்தது அந்த வரி மட்டும்தான்.

இனி உப்பு.

மல்லிகாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னார் மருத்துவர். அடுப்பு என் கையில் இருந்தது. நான் ஓய்வு பெற்று வந்தபோது சரண்யாவும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு சிறிய மின் தராசு பரிசளித்திருந்தார்கள், “வீட்லயும் நிறுத்துத்தான் சமைப்பீங்க” என்று கேலி செய்து. உண்மையாகவே எடை போட்டுத்தான் சமைத்தேன். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று கிராம் உப்பு என்று முடிவு செய்தேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்தினேன். சித்திரை பிறப்பதற்குச் சற்று முன்பு தொடங்கினேன்.

“எனக்கு மட்டும் தனியா எடுத்து வச்சிட்டு மீதிக்கு உப்பு போடுங்களேன்” என்றாள் மல்லிகா.

“ஒரே வீட்ல ரெண்டு கொழம்பா? எல்லாருக்கும் நல்லதுதான்” என்றேன்.

பவித்ரா ரசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்: “லேபு, இது ரசமா, டிஸ்டில்ட் வாட்டரா?” என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், கேலி செய்யும்போது. நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம். வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் நடந்து கடைக்குப் போய்வந்தாள், சட்டை முதுகில் உப்புக் கோடு படியும் அளவுக்கு வியர்த்தாள். நிறையத் தண்ணீர் குடி என்று நான் வெறும் தண்ணீரை பாட்டிலில் நிரப்பிக் கொடுத்தேன். உடம்பில் சோடியம் குறையக் குறையச் சிறுநீரகம் அதை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். அதோடு லித்தியத்தையும் பிடித்துவைக்கும். இது எனக்குத் தெரியாத செய்தி இல்லை. இதைத் தேர்வில் கேள்வியாகக் கேட்டவன் நான். கை நடுக்கம் கூடியபோது அது மாத்திரையோடு வழக்கமாக வரும் நடுக்கம் என்று நினைத்தேன். வயிற்றுப்போக்குக்கு வெயில் காரணம் என்றேன். பரிசோதனை எண் வந்தபோது குழாய் காரணம் என்றேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது.

செவ்வாய் இரவு மாத்திரையை என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் “அப்பா” என்று கூப்பிட்டது வேறு யாரோ கூப்பிட்டது போல இருந்தது. நாக்கு தடித்துப் போய்ச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. எழுந்தவள் சுவரைப் பிடித்தும் நிற்க முடியாமல் சரிந்தாள். தொடை தானாகத் துடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். நெடுஞ்சாலையில் விழுப்புரம் நோக்கிப் போனோம். மல்லிகா பின் இருக்கையில் அவள் தலையை மடியில் வைத்திருந்தாள்.

“நேத்து லேப்லருந்து போன் வந்துச்சுன்னு இவ சொன்னாளே. என்னா சொன்னாங்க?”

சுங்கச்சாவடி வரிசையில் நின்றிருந்தோம். நான் சொன்னேன். எண்ணையும் சொன்னேன். அதற்கு நான் சொன்ன பதிலையும் சொன்னேன். முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. விழுப்புரம் வரும்வரை மல்லிகா பவித்ராவின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

அவசரப் பிரிவில் எனக்குத் தெரிந்த முகங்கள் பலவும் இருந்தன. சரண்யாவே கீழே இறங்கி வந்து ரத்தம் எடுத்தாள். அரை மணி நேரத்தில் முடிவோடு திரும்பி வந்தவள், தாளைக் கொடுப்பதற்கு முன் வெள்ளைச் சட்டைப் பையிலிருந்து குழாயை எடுத்துக் காட்டினாள்.

“செவப்பு மூடி சார். நீங்க சொன்ன கததான் ஞாபகம் இருந்துச்சு, அதான் ஆள அனுப்பாம நானே வந்து எடுத்தேன்.”

தாளில் மூன்று புள்ளி பூஜ்யம்.

சிறுநீரக மருத்துவர் இளைஞர். பவித்ராவின் முழங்காலைத் தட்டிப் பார்த்தார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். “உடனே டயாலிசிஸ் பண்ணணும். ஒரு தடவ பண்ணா ரத்தத்துல கொறையும், அப்புறம் திசுவுலருந்து மறுபடி ஏறும். திரும்பப் பண்ணணும். மூளைக்குள்ள எவ்ளோ போயிருக்குன்னு இப்ப சொல்ல முடியாது. நடுக்கமும் பேச்சுத் தடுமாற்றமும் சரியாகலாம், ஆகாமலும் போகலாம்.” பிறகு கேட்டார்: “சாப்பாட்ல ஏதாவது மாத்தினீங்களா? உப்பு கொறச்சீங்களா?”

“ஆமா டாக்டர்.”

“எவ்ளோ?”

“ஒரு நாளைக்கு மூணு கிராம்தான்.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “நீங்க இங்க லேப்லதான இருந்தீங்க?” குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

மூன்று நாளில் மூன்று தடவை டயாலிசிஸ். வியாழக்கிழமை ஒன்று புள்ளி இரண்டுக்கு இறங்கிய எண் சில மணி நேரத்தில் ஒன்று புள்ளி ஒன்பதுக்கு ஏறியது. ஒவ்வொரு முறையும் சரண்யா தாளோடு வருவாள். நான் எண்ணைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருடம் எத்தனை பேர் வெளி வராந்தாவில் என் முகத்தை அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். நான் தாளைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். வெள்ளி மாலை எண் இறங்கிய இடத்திலேயே நின்றது.

சனிக்கிழமை காலை மாற்றுத் துணி எடுக்கத் திண்டிவனம் வந்தேன். வரும் வழியில் அந்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். மூலக் குழாய்களை ஒரு வாரம் குளிர்பெட்டியில் வைத்திருப்பது வழக்கம். அந்தப் பெண் தேடி எடுத்துக் கையில் கொடுத்தாள். பவித்ராவின் பெயர், திங்கட்கிழமைத் தேதி. சிவப்பு மூடி. எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் நான்கு நிமிடம்.

“மன்னிச்சிக்கோம்மா” என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. “நான் ரிப்போர்ட்ட நிறுத்தியிருக்கக் கூடாது சார். ரெட் கேப்புதான்னு பாத்துட்டு மறுபடி போன் பண்ணலாம்னு எடுத்தேன். சார் தப்பா நெனச்சிப்பாரோன்னு வச்சிட்டேன்.”

அதைக் கேட்ட பிறகு வீட்டுக்குப் போய் நேரே சமையலறைக்குள் நுழைந்தேன். தராசு அடுப்பு மேடையிலேயே இருந்தது. எடுத்துப் பரணில் போட்டேன்.

இதை எழுதுபவன் என்ற முறையில் ஒன்று சொல்லிவிட வேண்டும். பவித்ரா இப்போது வீட்டில் இருக்கிறாள். பேச்சு திரும்பிவிட்டது. வலது கை நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. கண்ணாடிச் சட்டத்தில் சிறு திருகாணி முடுக்கும் வேலை அவளுடையது. அது இனி முடியுமா என்று தெரியவில்லை. கடை முதலாளி பில் போடும் மேசைக்கு வரச் சொல்லியிருக்கிறார். மருத்துவர் வேறு மாத்திரை முயன்று பார்க்கிறார். மல்லிகா என்னோடு பேசுகிறாள். குழம்புக்கு உப்பு அவள் போடுகிறாள், தன் பங்கை முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டு.

அந்தச் சனிக்கிழமை மதியம் நான் துணிப்பையோடு வார்டுக்குத் திரும்பியபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கமாலுதீன் சார். எண்பதை நெருங்கிவிட்டார். சரண்யாதான் அவருக்குச் செய்தி சொல்லியிருக்கிறாள். கோட்டக்குப்பத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி, யார் துணையும் இல்லாமல் வந்திருக்கிறார். கைத்தடியைக் கட்டில் காலில் சாய்த்திருந்தார். சட்டைக் கை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தது.

நான் போய் நின்றேன். என்னென்னவோ சொல்ல நினைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் பவித்ராவின் நீட்டிய கையையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

“மூடி என்னா கலரு?”

“செவப்பு சார்.”

“எப்பப் பாத்த?”

“இன்னிக்குக் காலையில.”

அவர் தலையை மெல்ல ஆட்டினார். பேசாமல் உட்கார்ந்திருந்தார், என் கையில் சோதனைக்குழாய் இருந்த நாட்களில் உட்கார்ந்திருந்தது போல.

பிறகு குனிந்து மஞ்சள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். செய்தித்தாள் ஈரத்தில் ஊறியிருந்தது. வாசல் தள்ளுவண்டியில் வாங்கிய வேகவைத்த மல்லாட்டை. வேலையில் இருந்தவரை ஆய்வகத்துக்குள் அவர் வரவிடாத பொருள். பிரித்து பவித்ராவின் மடியில் வைத்தார். அவள் ஒன்றை எடுத்தாள். கை ஆடியதில் அது விழுந்தது. இன்னொன்றை எடுத்தாள். மல்லிகா உரித்துக் கொடுக்க நகர்ந்தாள். சார் வேண்டாம் என்று கையைக் காட்டித் தடுத்தார்.

நான் அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கவனித்து அவர் சொன்னார்.

“உப்புப் போட்டதுதாம்ப்பா. கீழ டாக்டரப் பாத்துக் கேட்டுட்டுத்தான் வாங்கினேன்.”